கரைக்குக் கோடா, பட்டையா?

"எங்க கரை அப்ப எங்க இருந்துச்சுன்னு ஒரு கோடு போட்டுக் குடுங்க சார், மனுவோட வைக்கணும்" என்றுதான் புதுச்சேரிக்கு வடக்கே கடலோரக் குப்பத்துப் பெரியவர் கேட்டார். நிலம் கேட்டுப் போடும் மனு அது. பழைய பிரெஞ்சு வரைபடத்தை இன்றைய படத்தின்மேல் பொருத்தி, கரை இதற்குள் எங்கோ இருந்திருக்கும் என்று நாற்பது மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை போட்டுக் கொடுத்தேன். "பட்டையா குடுத்தா ஆபீஸ்ல யாரு பாப்பாங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் நேரான பதில் இல்லை.

என் பக்க நியாயம் இது. அந்தப் படங்களில் அளவு துவாஸ் என்ற பழைய பிரெஞ்சு நீளக் கணக்கு. ஒரு துவாஸ் 1.949 மீட்டர். தீர்க்கரேகை பாரிஸிலிருந்து எண்ணப்பட்டது. புதுச்சேரிக்கு வரும் 77°30' உடன் 2°20' கூட்டினால் இன்றைய கிரீன்விச் கணக்கில் 79°50'. இவையெல்லாம் கணக்குக்குள் அடங்கிவிடும். காகிதம் அடங்காது. கடற்காற்று ஈரத்தில் அது நீளவாக்கில் ஒரு மாதிரியும் குறுக்குவாக்கில் வேறு மாதிரியும் விரியும். 60 செ.மீ. தாள் ஒரு சதவீதம் விரிந்தால் 6 மி.மீ.; 1:5000 படத்தில் அது 30 மீட்டர். அரை மி.மீ. பேனாக் கோடே 2.5 மீட்டரை விழுங்கிவிடும்.

பொருத்துவதற்கு நிலையான புள்ளிகள் வேண்டும். 1761இல் ஆங்கிலேயர் ஊரையும் கோட்டையையும் இடித்துவிட்டதால் கட்டட மூலைகளை நம்ப முடியாது. மறுபடி கட்டியபோதும் தெருக்கள் பெரும்பாலும் பழைய தடத்திலேயே வந்ததால் தெருச் சந்திப்புகளே கதி. அவையெல்லாம் கரைக்கு மேற்கே இருக்கின்றன. கிழக்கே கடல், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. புள்ளிகளின் வட்டத்தைத் தாண்டினால் பிழை வளர்ந்துகொண்டே போகும். குப்பமோ நகரத்துக்கு வடக்கே, வட்டத்துக்கு வெளியே.

மாதமும் முக்கியம். தென்மேற்குக் காற்றில் மணல் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. ஒரே கரை ஆனியில் ஒரு அகலம், மார்கழியில் ஒரு அகலம். படத்தில் வருடம் இருக்கிறது, மாதம் இல்லை. அக்காலக் கடிதங்களில் தேடலாம், ஆனால் 1752 செப்டம்பருக்கு முன் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையின் ஆங்கிலக் கடிதங்கள் பழைய நாட்காட்டியில் போகும், புதுச்சேரி பிரெஞ்சுக் கடிதத்தைவிட 11 நாள் பின்தங்கி. 1751 வரை, ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை முந்தைய வருட எண்ணே இருக்கும். சந்தேகம் வந்தால் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் தமிழ்த் தேதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒற்றைக் கோடு இழுக்க என் கை வராது. ஆனால் எதிர்த்தரப்பு இதே படத்தை யாரிடமாவது கொடுத்து, தயங்காத ஒரு கோட்டை வாங்கி வந்தால்? அங்கே என் நேர்மைக்கு நஷ்டஈடு கட்டுவது குப்பம்தான்.

கரை போனதற்குக் காரணம் தேட இருநூற்றைம்பது வருடம் பின்னே போக வேண்டியதே இல்லை. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்குக் கல் தடுப்பு வந்ததும் தெற்கிலிருந்து வரும் மணல் நின்றது, வடக்கே கடல் தின்றது. 1970களின் செயற்கைக்கோள் படங்கள் போதும் என்று அவரிடமே சொன்னேன். "அதுல எங்க ஊரு இருக்கிறது தெரியுமா?" என்றார். பழைய படத்தில் கரையோரமாகக் குடிசைகளைப் புள்ளி புள்ளியாக வரைந்திருக்கிறார்கள். அவை அங்கே இருந்தன என்று சொல்ல நாற்பது மீட்டர் பிழை ஒரு பொருட்டில்லை. மனுவில் அதைத்தான் முதலில் வைக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று தோன்றுகிறது. ஆனால் மனு கேட்டது நிலம். நிலத்துக்கு எல்லை வேண்டும், எல்லை என்று வந்தால் மறுபடியும் கோடா பட்டையா என்றுதான் போய் நிற்கிறது.