கைடில் இருந்த தொடுகோடு, தொடுகோடே இல்லை

பிளஸ் டூ படிக்கும் தம்பிக்குப் பரவளையப் பாடம் சொல்லிக் கொடுத்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். படுத்தி எடுத்தது பாடம் இல்லை, காசு கொடுத்து வாங்கிய கைடு.

புள்ளி பரவளையத்தின் மேலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. வகையிட்டுச் சாய்வு எடுத்தாலும் சரி, y² = 4ax-க்கு (x₁, y₁) என்ற புள்ளியில் yy₁ = 2a(x + x₁) என்று நேராகப் போட்டாலும் சரி, சட்டென்று முடிந்துவிடும். சிக்கல் வந்தது இந்தக் கணக்கில்: (1, 3) என்ற புள்ளியிலிருந்து y² = 8x என்ற பரவளையத்துக்கு வரையப்படும் தொடுகோடுகளின் சமன்பாடுகளைக் காண்க.

கைடில் அதே சூத்திரத்தில் பிரதியிட்டு, 3y = 4x + 4 என்று முடித்திருந்தார்கள். கேள்வியில் ‘தொடுகோடுகள்’ என்று இருக்கிறது, விடை ஒன்றுதானே வருகிறது என்றான் தம்பி. டியூஷனில் கேட்டதற்கு, “சூத்திரத்துல போடு, மார்க் வரும்” என்று அனுப்பிவிட்டார்களாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. சரியான இடத்தில் சந்தேகப்பட்ட பையனை இப்படியா வாயடைப்பது?

விடையில் (1, 3)-ஐப் போட்டுப் பார்த்தோம். இடப்பக்கம் 9, வலப்பக்கம் 8. அந்தப் புள்ளி வழியாகவே போகாத கோடு, அங்கிருந்து வரைந்த தொடுகோடு எப்படி ஆகும்?

அப்புறம் m என்ற சாய்வுள்ள தொடுகோட்டின் சமன்பாடான y = mx + a/m எடுத்தோம். 4a = 8, அதனால் a = 2. புள்ளியைப் போட்டால் 3 = m + 2/m, அதாவது m² − 3m + 2 = 0. m = 1 அல்லது 2. ஆக y = x + 2, y = 2x + 1. தொடும் புள்ளிகள் (2, 4), (1/2, 2). அந்த இரண்டையும் கைடின் கோட்டில் போட்டால் அச்சாகப் பொருந்துகின்றன! அவர்கள் கொடுத்திருந்தது தொடும் புள்ளிகளை இணைக்கும் தொடு நாண். தம்பியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் முதலில் y₁² − 4ax₁ பாருங்கள். பூஜ்ஜியம் வந்தால் மட்டுமே yy₁ = 2a(x + x₁) தொடுகோட்டைத் தரும். இங்கே போல மிகை எண் வந்தால் புள்ளி வெளியே, தொடுகோடு இரண்டு. குறை எண் வந்தால் புள்ளி உள்ளே, அங்கிருந்து தொடுகோடே வரையமுடியாது.

y அச்சின் மேல் புள்ளி கொடுத்தால் இன்னும் கவனம். (0, 4) என்றால் 4 = 2/m, m = 1/2 மட்டும்தான் கிடைக்கும். இன்னொன்று எங்கே என்று தேடி அலையாதீர்கள், அது x = 0, y அச்சேதான். செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு கிடையாது என்பதால் m-இல் சிக்காது.

x² = 4ay என்று வந்தால் y = mx + c என்ற தொடுகோட்டில் c = a/m செல்லாது, அங்கே c = −am². அதையும் அடுத்த பக்கத்திலேயே அந்தக் கைடில் தப்பாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.