திண்ணையும் முற்றமும் வைத்து வீடு கட்டிய அனுபவம்

காரைக்குடியில் எங்கள் 5.5 சென்ட் மனையில் திண்ணை, முற்றம், ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் கல் பதித்த தரை ஆகியவற்றுடன் ஒரு கான்கிரீட் வீட்டைக் கட்டி முடித்து, 2024 ஆவணியில் குடிபுகுந்தோம். பட்டா, வங்கிக் கடன், மின் இணைப்பு எல்லாம் பெரிய சிக்கலின்றி நடந்தன. பழைய வீடுகளைப் பார்த்து ஆசையோடு எடுத்துக்கொண்ட அந்த மூன்றில்தான் அடி விழுந்தது.

கட்டட அனுமதிக்குக் கொடுத்த வரைபடம் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை, முன்புறக் காலியிடம் போதாது என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது. எந்தப் பகுதியால் குறைகிறது என்று கேட்க மூன்று நடை அலைந்தேன். மூன்றாவது நாள் அகப்பட்ட எழுத்தர், கோப்பைத் திறக்காமலேயே, "பிளான் போட்டவரையே கேளுங்க" என்றார். பிளான் போட்ட பொறியாளரோ மாடிப்படிதான் காரணம் என்று ஊகித்து அதை நகர்த்தி அனுப்ப, அதே வரியுடன் மீண்டும் திரும்பியது. ஓய்வுபெற்ற வரைவாளரான என் சித்தப்பா தாளை வாங்கிப் பார்த்து, நேராகத் திண்ணையின் மேல் விரலை வைத்தார். இங்குள்ள பழைய தெருக்களில் திண்ணை தெருவை ஒட்டியே இருப்பதால் நாங்களும் அப்படியே வரையச் சொல்லியிருந்தோம். கூரை போட்ட திண்ணை கட்டடக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பது எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. வீட்டையே 4 அடி பின்னுக்குத் தள்ளியதில், துணி துவைக்க வைத்திருந்த பின்கட்டு போய்விட்டது. வரைபடம் விதிப்படி உள்ளதென்று உரிமையாளரே கையெழுத்திட்டு அனுமதி பெறும் சுயசான்று முறை 2024 ஜூலையில் வந்துவிட்டதால், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் கட்டுவோர் இப்படி அலைய வேண்டியதில்லை. ஆனால் பிழையைச் சுட்டித் திருப்பி அனுப்பவும் ஆளில்லை என்பதால், திண்ணையின் வெளி விளிம்பிலிருந்து அளந்து பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

இன்றும் நெஞ்சு எரிவது தரையை நினைத்துத்தான். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. மேலே வேறு பூச்சு எதுவும் கிடையாது. கூடத்தில் கல் பதித்த மறுநாள் நான் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில், சிதறிய சிமெண்டுக் கறையைப் போக்கவென்று கொத்தனார் ஆசிட்டை ஊற்றிவிட்டார். வந்து பார்த்தபோது பூஜையறை வாசலில் நுரை அடங்கிக்கொண்டிருந்தது. நடுவிலிருந்த சிவப்புப் பூ, வெளுத்த புடவைக் கரைபோல் மங்கிக் கிடந்தது. தடவினால் உப்புத்தாளைப்போல் சொரசொரத்தது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பீங்கான் டைல்ஸுக்கு அவர் எப்போதும் செய்வதையே செய்திருந்தார். முன்கூட்டியே சொல்லிவைக்காதது என் பிழை. மொத்தம் 14 கற்கள் போயின. மறுபடி வாங்கியவை, கையால் கலக்கும் வண்ணம் என்பதால், ஒரு சாயல் கூடுதலாகவே வந்தன. ஆகவே முதல் தடவையிலேயே பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். கலவை சிந்திய உடனே ஈரத்துணியால் துடைக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைப்பதைத் தவிர வேறெதையும் அந்தத் தரைக்குச் செய்யவிடாதீர்கள்.

முற்றத்தை பாலிகார்பனேட் தகடு போட்டு மூடிவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் கடைசிவரை வற்புறுத்தினார். மேலேறும் சூடான காற்று வெளியேறத்தானே முற்றம் என்று மறுத்து, கம்பி வலையோடு நிறுத்திக்கொண்டோம். அந்த முடிவில் எனக்கு இன்றளவும் நிறைவே. தவறியது வடிகாலில். நான்கு புறமும் உள்நோக்கிச் சரியும் கூரை ஏறத்தாழ 60 சதுர மீட்டர் என்பதால், 50 மி.மீ. மழைக்கே 3,000 லிட்டர் நீர் முற்றத்தில் இறங்கும். அதற்கு அவர் வைத்தது 3 அங்குலக் குழாய் ஒன்று. தடுக்கி விழுவார்கள் என்று சொல்லி, முற்றத்தின் தரையையும் கூடத்தைவிட 4 அங்குலமே தாழ்த்தியிருந்தார். ஐப்பசியில் ஓர் இரவு வேப்பிலைச் சருகு குழாயை அடைத்துக்கொள்ள, கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அப்பத்தாவைக் கட்டிலோடு தூக்கி உள்ளறைக்கு மாற்றினோம்.

பிறகு முற்றத்தின் தரையைப் பெயர்த்து 9 அங்குலம் தாழ்த்தி, எதிரெதிர் மூலைகளில் இரண்டு 6 அங்குலக் குழாய்களைச் சருகு தடுக்கும் தட்டுகளோடு பதித்து, ஒன்றை மழைநீர்த் தொட்டிக்கும் மற்றொன்றைத் தெரு வடிகாலுக்கும் விட்டோம். கார்த்திகையில் விடிய விடியப் பெய்த மழையில் நீர் முதல் படியைக்கூடத் தொடவில்லை. அப்பத்தா கட்டிலைத் திரும்பவும் முற்றத்தின் ஓரத்திலேயே போடச் சொல்லிவிட்டார்.