காயிலில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண்

பதினெட்டு வருடம் சிகரெட் பிடித்தவன் நான். அதை விடத்தான் வேப்புக்கு, அதாவது நிகோடின் திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் மின் சிகரெட்டுக்கு வந்தேன். புகைப் பழக்கமே இல்லாதவர் யாராவது ஆர்வத்தில் இதைப் படித்தால், தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள். நிகோடின் ஒருமுறை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. ஏற்கெனவே மாறிவிட்டு, ஓம் (மின்தடையின் அளவு), வாட் (மின்திறனின் அளவு) என்றதும் குழம்பி நிற்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் வாரமே ஒரு காயிலைக் கருக்கினேன். மெஷின் 60 வாட் வரை போகும், அதனால் 40 வைத்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். இரண்டாவது இழுப்பிலேயே தொண்டையில் துணி கருகிய நெடி. கழற்றிப் பிரித்துப் பார்த்தால், வெளிப்பக்கம் பஞ்சு ஈரமாக, வெள்ளையாகத்தான் இருந்தது. கம்பியை ஒட்டிய இடம் மட்டும் தீய்ந்து, விரல் பட்டதும் கரித்தூளாக உதிர்ந்தது. காயிலின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததை அப்போதுதான் படித்தேன்: 0.8 ஓம், 12–18 வாட்.

காயில் என்பது சுருட்டிய கம்பி, அவ்வளவுதான். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, பஞ்சு திரவத்தை இழுத்துக் கம்பிக்குக் கொடுக்கிறது. கம்பி சூடாகி அதை ஆவியாக்குகிறது. பஞ்சு கொண்டுவரும் வேகத்தைவிடக் கம்பி ஆவியாக்கும் வேகம் கூடினால் பஞ்சு காய்ந்து கருகும். எனக்கு நடந்தது அதுதான். கருகிய வாசனை வந்தும் விடாமல் இழுக்காதீர்கள். அளவு மீறிச் சூடேறிய திரவத்திலிருந்து ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் உண்டாகும்.

சரி, ஓம் எங்கிருந்து வருகிறது? கம்பி நீளமானால் மின்தடை கூடும், தடித்தால் குறையும். விட்டம் இரண்டு மடங்கானால் தடை கால்வாசியாகிவிடும். வாட்டுக்கான கணக்கும் சின்னதுதான்: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமால் வகுக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட். அதை நேராக 1.2 ஓம் காயிலில் கொடுத்தால் 14.7 வாட். 0.5 ஓம் என்றால் 35 வாட்டுக்கு மேல். 0.15 ஓம் என்றால் கிட்டத்தட்ட 118 வாட், 28 ஆம்பியர். சர்க்யூட்டே இல்லாத ‘மெக்கானிக்கல் மாட்’ (mod) வகை மெஷினில் பேட்டரி அப்படி நேராகத்தான் இணைகிறது, தடுக்க நடுவில் ஒன்றும் கிடையாது. புதிதாக வந்தவர்கள் அதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திரையில் வாட் வைக்கும் மெஷினில் கதை வேறு. நான் 40 கேட்டதும் அந்த 0.8 ஓம் காயிலுக்கு கிட்டத்தட்ட 5.7 வோல்ட் தேவைப்பட்டது. பேட்டரியில் அவ்வளவு இல்லை. சர்க்யூட் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டது. இந்தக் காயில் தாங்குமா என்று அது பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது நாம்தான்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஓம் குறைந்தால் சூடு கூடும் என்பது இந்த மெஷின்களுக்குப் பொருந்தாது. 15 வாட் எந்தக் காயிலிலும் 15 வாட்தான். ஆனால் 0.2 ஓம் காயிலில் பொதுவாகக் கம்பி தடியாக, பரப்பு அதிகமாக இருக்கும்; அந்த 15 வாட் அத்தனை உலோகத்திலும் பரவி வெதுவெதுப்போடு நின்றுவிடும், ஆவியே சரியாக வராது. மெல்லிய கம்பிக்கு அதே 15 தாராளம். அதனால் ஓமை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் உள்ள வாட் வரம்பையும் சேர்த்துப் படியுங்கள்.

பேட்டரிக்கும் ஒரு கணக்கு உண்டு: வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 60 வாட் இழுக்கும்போது ஒற்றை பேட்டரி 3.3 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால், அதிலிருந்து 18 ஆம்பியருக்கு மேல் போகிறது. இந்த மெஷின்களில் போடும் 18650 என்ற உருளை பேட்டரி செல்களில் 10 ஆம்பியர் மட்டும் தாங்குவதும் உண்டு, 25 தாங்குவதும் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மேலுறை கிழிந்த செல்லை நான் எடுப்பதே இல்லை.

ஒரு சின்ன விஷயம். காயிலின் ஓமைச் சாதாரண மல்டிமீட்டரில் அளந்து ஏமாறாதீர்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே என் மீட்டர் 0.3 காட்டுகிறது. மெஷின் திரையில் வருவதே மேல்.

அப்புறம், புதுக் காயில் மாட்டினால் பஞ்சில் சில சொட்டுத் திரவம் விட்டு, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் பொறுங்கள். வரம்பின் அடி எண்ணில் ஆரம்பித்து ஒவ்வொரு வாட்டாக ஏற்றுங்கள். கருக்கியதற்குப் பதில் மாட்டிய அதே 0.8 ஓம் காயிலை 12-இல் தொடங்கினேன். 15-இல் சுவை நன்றாக வந்தது, 17-இல் தொண்டையில் லேசாகக் காய்ந்தது. திரும்ப 15-க்கு இறக்கி, அப்படியே வைத்திருக்கிறேன்.