கல் பங்களாவுக்குக் கோப்பு கொண்டுபோன நாட்கள்

உதகை அரசு கலைக் கல்லூரியில் எழுத்தராகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை, கோப்புகளை முதல்வரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோவது. முதல்வரின் அறை கல் பங்களாவில் இருந்தது. ஊட்டியில் ஆங்கிலேயர் கட்டிய முதல் பங்களா அது. சாரல் காலத்தில் கோப்பை ஸ்வெட்டருக்குள் அணைத்துக்கொண்டு ஓடுவேன். அப்படியும் காகிதம் நமத்துப்போகும். முத்திரை குத்தினால் மை லேசில் காயாது. ஊதி ஊதிக் காயவைத்த பிறகே அடுத்த தாளைப் புரட்டுவேன்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய வீடு அது. ஆங்கிலத்தில் ஸ்டோன் ஹவுஸ். மலைமக்கள் வாயில் கல் பங்களா. நிலத்தைத் தோடர்களிடம் ஏக்கர் 1 ரூபாய்க்கு வாங்கினார் என்பார்கள். எருமைகள் மேய்ந்த புல்வெளிக்கு ஒரு ரூபாய்! சம்பளப் பட்டியலில் எண்களைக் கூட்டும்போதெல்லாம் அந்த ஒரு ரூபாய் என் நினைவில் வந்து உறுத்தும். ஆனாலும் சல்லிவனை வெறுக்க என்னால் முடியவில்லை. ஏரியை உருவாக்கியவர், மலையில் உருளைக்கிழங்கு விளையவைத்தவர், பின்னாளில் தோடர்களின் நில உரிமைக்காகச் சென்னை அரசாங்கத்தோடு வாதாடியவரும் அவரே. 1838இல் மனைவியையும் மகளையும் இதே ஊரில் பறிகொடுத்தார். புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அந்தக் கல்லறையின் முன் நான் பலமுறை நின்றிருக்கிறேன்.

கோடைதோறும் சென்னை அரசாங்கமே மலையேறி வந்த காலத்தில் இந்த வீடு செயலகமாயிற்று. கல்லூரி வந்தது 1955இல்.

என் மனத்தில் தங்கியிருப்பது கல்லூரிக் காலம்தான். ஜூன் மாதச் சேர்க்கையின்போது படுகர் வீட்டுப் பிள்ளைகளும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். பிறந்த ஊர் என்ற இடத்தில் அட்டன் என்றோ நுவரெலியா என்றோ எழுதியிருக்கும். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்தபடி நிற்கும் தகப்பன்மாரைப் பார்த்தால், ஒரு காகிதத்தின் கனம் என்னவென்று புரியும். அந்தத் தாள்களை இரண்டு கைகளாலும் வாங்க நான் பழகிக்கொண்டேன்.

ஓர் ஆண்டு தோடர் பெண் ஒருத்தி விண்ணப்பம் கொண்டுவந்தாள். கூடவே பாட்டி. வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த பூத்துக்குளியைப் போர்த்தியிருந்தார். நிலையான முகவரியில் அந்தப் பெண் தன் மந்தின், அதாவது தோடர் குடியிருப்பின், பெயரைத் தெளிவான தமிழில் எழுதியிருந்தாள். உதகமண்டலம் என்ற பெயரின் வாலிலேயே மந்து ஒளிந்திருக்கிறது என்று சொல்வதுண்டு. அத்தனை ஆண்டுகள் அந்தப் பெயரை முத்திரையில் குத்திய எனக்கு, அன்றுதான் அது ஒருவரின் வீட்டு முகவரியாகத் தெரிந்தது.

கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சல்லிவன் நட்டதாகச் சொல்லப்படும் ஓக் மரத்தின் அருகே பாட்டி நின்று, பங்களாவின் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி தாளுக்காகக் கையை நீட்டினாள்.

“கொஞ்சம் பொறும்மா, மை இன்னும் காயவில்லை” என்றேன்.