சுவர் போய் மஹோன் வந்தார்

சிறையை உடைப்பதுதான் கதை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டு, முதல் சீசன் முடிவதற்குள் எட்டுப் பேரையும் வெளியே கொண்டுவந்துவிட்டால், அடுத்த 22 எபிசோடில் எதை உடைப்பது? 'பிரிசன் பிரேக்' இரண்டாவது சீசன் (ஃபாக்ஸ் சேனலில் ஆகஸ்ட் 2006 முதல் ஏப்ரல் 2007 வரை) இந்தத் தலைவலியோடுதான் தொடங்குகிறது. இதுவரை பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். யார் யார் சாகிறார்கள் என்பதெல்லாம் கீழே வருகிறது.

முதல் சீசனில் எதிரி சுவர். சுவர் யோசிக்காது. தடிமனும், உள்ளே ஓடும் குழாயும் தெரிந்தால், தப்பும் திட்டம் போட்ட மைக்கேல் ஸ்கோஃபீல்டுக்குப் போதும். வெளியே வந்ததும் அந்தச் சுவரின் இடத்தில் ஒரு ஆளை நிறுத்தினார்கள்: எஃப்.பி.ஐ. ஏஜெண்ட் அலெக்சாண்டர் மஹோன், நடித்தவர் வில்லியம் ஃபிக்ட்னர். இந்த சீசனின் பலம் மொத்தமும் இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. துரத்தல் தொடர்களில் போலீஸ் எப்போதும் ஒரு அடி பின்னால் வரும். காலடித் தடம், சாட்சி, செல்போன் சிக்னல் என்று தேடும். மஹோன் அப்படித் தேடுவதில்லை. மைக்கேல் உடம்பில் குத்தியிருக்கும் பச்சையின் போட்டோக்களை வைத்துக்கொண்டு, அவன் அடுத்து எங்கே போவான் என்று படிக்கிறார். முதல் சீசனில் மைக்கேல் ஆற்றில் எறிந்த ஹார்ட் டிஸ்க்கையும் விடவில்லை, ஆள் இறக்கி எடுத்துவிடுகிறார்.

இரண்டு புதிர்களைச் சொன்னால் போதும். பச்சையில் 'ரைப் சான்ஸ் வுட்ஸ்' என்று படிக்கும்படி ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. ஏதோ காட்டின் பெயர் போலத்தான் தெரியும். முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டிப் படித்தால் கல்லறைக் கல்லில் பொறிக்கிற ஆர்.ஐ.பி.; மிச்சம் 'ஈ. சான்ஸ் வுட்ஸ்' என்று ஒரு ஆளின் பெயர். அந்தக் கல்லறைக்குக் கீழேதான் மைக்கேல் மாற்று உடைகளைப் புதைத்து வைத்திருக்கிறான். இன்னொன்று 'போல்ஷாய் பூஸ்'. ஸ்கூலில் கால்குலேட்டரில் எண்களைத் தட்டி, தலைகீழாகத் திருப்பி எழுத்தாக்கிக் காட்டுவோமே, அதேதான், எதிர்த்திசையில். எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பினால் எண்கள். எண்கள் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஒரு இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். சிறைக்குள் இந்தப் பச்சை மைக்கேலுக்கு மட்டும் தெரிந்த வரைபடமாக இருந்தது. வெளியே வந்ததும் அதுவே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. போட்ட திட்டத்தைத் தோலிலிருந்து அழிக்க முடியாதே.

ஐந்தாவது எபிசோடிலிருந்து எட்டாவது வரை யூட்டாவில் நடக்கும் பணவேட்டைதான் என் கணக்கில் உச்சம். சிறையில் செத்த கைதி வெஸ்ட்மோர்லேண்ட் சொல்லிவிட்டுப் போனது ஐம்பது லட்சம் டாலர்; டபுள் கே பண்ணையில், தானியக் குதிருக்கு அடியில். போய்ப் பார்த்தால் பண்ணையே இல்லை. நிலத்தைக் கூறுபோட்டு விற்று, வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். குதிர் எங்கே இருந்தது என்று காட்டும் பழைய நில வரைபடம், தப்பியவர்களில் ஒருவனான டி-பேகிடம் சிக்குகிறது; அவன் மனப்பாடம் செய்துவிட்டுக் காகிதத்தைத் தின்றே விடுகிறான். இப்போது யாரும் அவனைக் கழற்றிவிட முடியாது. குதிர் இருந்த இடத்தில் நிற்பது ஒரு வீட்டின் கராஜ். மின்வாரிய ஆட்கள் போல வேஷம் போட்டு உள்ளே போய், கான்கிரீட் தரையை உடைத்துத் தோண்டுகிறார்கள். இதற்குள் எல்லாமே கோணலாகப் போகிறது: வீட்டுக்கார அம்மாவின் மகள் போலீஸ்காரி, வெளியே போன கூட்டாளி ட்வீனர் பிடிபடுகிறான், கடைசியில் இன்னொரு கூட்டாளி சூக்ரே தூக்கிக்கொண்டு ஓடும் பைக்குள் பணத்துக்குப் பதில் பத்திரிகைகள். பணத்தை டி-பேக் முன்பே மாற்றிவிட்டான். மைக்கேலின் கணக்கு ஒன்றுகூடத் தப்பாகவில்லை. குதிர் இருந்த இடமும் சரி, பணமும் இருந்தது. அவன் கணக்கில் எடுக்காதது கூட நிற்கும் ஆட்களை.

வெஸ்ட்மோர்லேண்ட் பாத்திரத்தின் பின்னணியில் இருப்பது டி.பி. கூப்பர் விவகாரம். நவம்பர் 24, 1971 அன்று போர்ட்லேண்டிலிருந்து சியாட்டில் போன விமானத்தைக் கடத்தி, 2 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு பாராசூட்டில் குதித்த ஆள். இன்றுவரை யார் என்று தெரியாது. 1980இல் கொலம்பியா ஆற்றங்கரையில் ஒரு சிறுவன் கையில் கிடைத்தது 5,800 டாலர் மட்டும்.

நிஜத்தில் கும்பலாகத் தப்பியவர்கள் என்ன ஆனார்கள்? டிசம்பர் 13, 2000 அன்று டெக்சாஸில் கானலி சிறையிலிருந்து ஏழு பேர் வெளியேறினார்கள். அவர்களும் பராமரிப்பு வேலை ஆட்கள் போல நடித்தவர்கள்தான். ஆனால் தொடரில் வருவதுபோல் ஆளுக்கொரு திசையில் பிரியவில்லை, சேர்ந்தே இருந்தார்கள். கொலராடோவில் வீட்டு வண்டிகள் நிறுத்தும் ஒரு முகாமில் தங்கியிருந்தபோது, டிவியில் முகங்களைப் பார்த்தவர்கள் தகவல் கொடுக்க, ஜனவரி 2001இல் கதை முடிந்தது. இன்னொரு விஷயம்: மாநிலச் சிறையிலிருந்து தப்புவது மாநிலக் குற்றம். எஃப்.பி.ஐ. உள்ளே வருவதற்கு வழி, மாநில எல்லை தாண்டி ஓடுவதைக் கூட்டரசுக் குற்றமாக்கிய 1934ஆம் ஆண்டுச் சட்டம். இந்த மாதிரித் தேடலில், தப்பியவர்களைப் பிடிக்கும் கூட்டரசு அதிகாரிகளான அமெரிக்க மார்ஷல்களின் பங்கு பெரியது. தொடர் அவர்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மஹோன் ஒருவர் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மஹோனுக்கு ஒரு ரகசியம் வைத்தது நல்ல வேலை. தப்பிய குற்றவாளி ஆஸ்கர் ஷேல்ஸைக் கொன்று, தன் வீட்டுத் தோட்டத்தில் பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் புதைத்திருக்கிறார். பேனாவுக்குள் மாத்திரை வைத்து விழுங்கிக்கொண்டே திரிகிறார். அந்தக் கொலையை வைத்து மிரட்டித்தான், தொடரின் சதிக்குப் பின்னால் இருக்கும் 'கம்பெனி' என்ற ரகசியக் கும்பல்காரர்கள் அவரைக் கொலைக்கருவி ஆக்குகிறார்கள். புதைத்ததைத் தோண்டுவதே எல்லாருக்கும் வேலை என்று ஆகிவிடுகிற சீசன் இது.

13ஆவது எபிசோடுக்குப் பிறகு வேகம் தளர்கிறது. ஜனாதிபதி, சுருட்டு கிளப்பில் சாவி, ஒலிப்பதிவு என்று சதி பெருத்துக்கொண்டே போக, ஓட்டம் பின்னால் தள்ளப்படுகிறது. படப்பிடிப்பும் இல்லினாய்ஸின் ஜோலியட்டிலிருந்து டல்லாஸ் சுற்றுவட்டாரத்துக்கு மாறிவிட்டது. யூட்டாவாக வருவதும் டெக்சாஸ் மண்தான். கடைசியில் வரும் பனாமாவோ ஃப்ளோரிடாவின் பென்சகோலா.

நேரம் குறைவாக இருந்தால் 1 முதல் 13 வரை வரிசையாகப் பாருங்கள். பிறகு எட்டுப் பேரில் ஒருவனான ஹேவயருக்காக 16, அப்புறம் நேராக 22. இடையில் விட்டதை மற்றவர்கள் பேச்சிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் குழப்பமாக இருக்கும், அவ்வளவுதான்.