ஜிபிஎஸ்ஸை நம்பித் தரையிறங்க என்ன வேண்டும்?

திறந்த வெளியில் ஜிபிஎஸ் பிழை சில மீட்டர்தான். ஆனாலும் அதை மட்டும் நம்பி மூடுபனியில் விமானத்தை இறக்க முடியாது. தான் தவறாகக் காட்டும்போது அது உடனே சொல்லிவிடாது, சிக்கலே அதுதான். 200 அடி வரை இறங்கி முடிவெடுக்கும் முதல் வகைத் தரையிறக்கத்துக்கு, பிழை வரம்பை மீறினால் 6 நொடிக்குள் எச்சரிக்கை வந்தாக வேண்டும். அந்த உயரத்தில் செங்குத்து வரம்பு 10 மீட்டர்.

இதற்காக வந்ததுதான் ஜிபாஸ் (GBAS), அதாவது தரையிலிருந்து ஜிபிஎஸ்ஸைத் திருத்தும் அமைப்பு. துல்லியமாக அளந்த இடங்களில், வழக்கமாக நான்கு, ரிசீவர்களை விமான நிலையத்திலேயே நடுவார்கள். தம் இடம் தெரிந்திருப்பதால் ஒவ்வொரு செயற்கைக்கோளின் பிழையையும் அவை கணக்கிட்டு, திருத்தத்தை அரை நொடிக்கு ஒருமுறை விஹெச்எஃப் வானொலி அலையில் விமானத்துக்கு அனுப்பும். ஒரு ரிசீவர் மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் அதை ஒதுக்கிவிடலாம். வானொலிக் கற்றையால் விமானத்தை வழிநடத்தும் பழைய ஐஎல்எஸ் போல ஓடுதளத்தின் ஒவ்வொரு முனைக்கும் தனிக் கருவி வேண்டாம். ஒரே நிலையம் எல்லாவற்றுக்கும் போதும்.

தலைவலி அயனி மண்டலம், அதாவது ஜிபிஎஸ் சிக்னலைத் தாமதப்படுத்தும் மேல் வளிமண்டல அடுக்கு. நிலையத்துக்கு மேலே இருக்கும் தாமதமே விமானத்துக்கு மேலேயும் இருக்கும் என்ற அனுமானத்தில்தான் திருத்தம் நிற்கிறது. சாதாரண நாளில் வேறுபாடு கிலோமீட்டருக்குச் சில மில்லிமீட்டர். 2003 நவம்பர் 20 சூரியப் புயலின்போது அமெரிக்காவில் 400 மில்லிமீட்டரைத் தாண்டியது. 20 கிலோமீட்டர் இடைவெளியில் அது 8 மீட்டர். போதாததற்கு, இரைச்சலைக் குறைக்க 100 நொடி சராசரி எடுக்கும் வடிகட்டி இந்தப் பிழையை இன்னும் பெருக்கும். அதனால் இன்னும் மோசமான பார்வைத்திறனில் இறங்கும் மூன்றாம் வகைக்கான ஜிபாஸில் 30 நொடி வடிகட்டி. 100 நொடிக் கணக்கையும் பக்கத்தில் ஓட்டி, இரண்டும் விலகினால் சந்தேகப்படுவார்கள். எல்1, எல்5 என்ற இரண்டு ஜிபிஎஸ் அலைவரிசைகளையும் சேர்த்தால் அயனித் தாமதம் கழியும்தான், ஆனால் இரைச்சல் இரண்டரை மடங்குக்கு மேல் கூடும். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை!

தரையில் நகரும்போது எதிரி வேறு: முனையக் கட்டடம், ஹேங்கர், பக்கத்து விமானத்தின் வால் ஆகியவற்றில் பட்டு எதிரொலிக்கும் சிக்னல். பறக்கும்போது எதிரொலி வேகமாக மாறுவதால் சராசரியில் கரைந்துவிடும். நிற்கும்போது நிமிடக்கணக்கில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வேகம் குறையக் குறைய ஜிபிஎஸ் காட்டும் திசையும் உதவாது, மூக்கு எங்கே திரும்பியிருக்கிறது என்பதை விமானத்தின் அசைவை உள்ளிருந்தே உணரும் இனெர்ஷியல் கருவியிடம்தான் கேட்க வேண்டும். ஆன்டெனா இருப்பதோ உடலின் உச்சியில். சக்கரம் எங்கே, இறக்கை நுனி எங்கே என்பதை அந்தத் திசையை வைத்தே கணக்கிட வேண்டும். இத்தனையும் சரியாக அமைந்தும், டாக்ஸிவே (விமானம் தரையில் நகரும் பாதை) வரைபடம் 5 மீட்டர் தள்ளியிருந்தால் திரையில் விமானம் புல்தரையில் நிற்கும்.