மரம் இறக்கிய ரயில்பாதை: வரைபடக் குறிப்புகள்

03-03-2024, ஞாயிறு

மேற்கு வர்ஜீனியாவின் காஸ், மலைமேல் நின்ற சிவப்பு ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களை வெட்டி இறக்குவதற்காக ஒரு காகித நிறுவனம் 1901இல் உண்டாக்கிய ஊர். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை தன் பழைய தலப்படங்களை இணையத்தில் இலவசமாகத் தருவதால், அந்த வட்டாரத்துத் தாள்களை இறக்கி இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் பழுப்பு, ஓடைகள் நீலம், காடு பச்சை, மனிதர் கட்டியவை கறுப்பு. குறுக்குக் கீற்றுகள் போட்ட கறுப்புக் கோடு ரயில்பாதை. கிரீன்பிரையர் ஆற்றங்கரைப் பாதை சம உயரக் கோடுகளை ஒட்டியே போகிறது. காஸிலிருந்து மலையேறும் பாதையோ அவற்றை வெட்டிக்கொண்டு ஏறுகிறது.

05-03-2024, செவ்வாய்

அளவுகோலோடு உட்கார்ந்தேன். 1:24,000 அளவில் 1 அங்குலம் என்பது 2,000 அடி. கோடுகளின் உயர இடைவெளி 40 அடி என்று கொண்டால், 100 அடிக்கு 2 அடி ஏறும் சாதாரணப் பாதை ஒரு கோட்டிலிருந்து அடுத்ததை எட்ட ஓர் அங்குலம் போக வேண்டும். காஸ் பாதையின் செங்குத்தான பகுதியிலோ ஏற்றம் 100க்கு 11. அங்கே அடுத்த கோடு 5 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். அப்படியும் ஏற முடியாத இரண்டு இடங்களில், ரயில் முட்டுப்பாதைக்குள் போய் நின்று, பின்னோக்கித் தள்ளப்பட்டு அடுத்த படியில் ஏறும்.

இதை ஏறியது ஷே வகை நீராவி எஞ்சின். வலப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் சிலிண்டர்கள் ஒரு நீண்ட தண்டைச் சுழற்ற, அது பற்சக்கரங்கள் வழியே எல்லாச் சக்கரங்களையும் திருப்பும். அந்தப் பக்கத்துக் கனத்தைச் சமன்செய்யக் கொதிகலனை இடப்பக்கம் ஒதுக்கியிருப்பதால், முன்னால் நின்று பார்த்தால், இடுப்பில் குடம் வைத்தவர் ஒருச்சாய்ந்து நிற்பது போலவே இருக்கும். வேகம் குறைவுதான், ஆனால் சக்கரம் வழுக்காது இழுக்கும்.

09-03-2024, சனி

மரவெட்டு 1960இல் நின்றது. 1963 முதல் அதே பாதையில் சுற்றுலா ரயில் ஓடுவதால் முதன்மைப் பாதை பிழைத்தது. நான் தேடியவை கிளைப்பாதைகள். ஒரு சரிவில் மரம் தீர்ந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து அடுத்த சரிவில் போட்டுவிடுவார்கள் என்பதால், அளவையாளர் வந்தபோது பல கிளைகள் ஏற்கெனவே இல்லை. மிஞ்சியது, தண்டவாளம் போடச் சரிவில் வெட்டிய சமதளப் படி மட்டுமே. 10 அடி அகலப் படி என்றாலும் இந்தத் தாளில் அது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். என் பென்சில் கோடே அதைவிடத் தடிமன்.